சிவராமகிருஷ்ணனும் ரசிகர் நினைவும்

வரலாறு என்றவுடன் மாணவர்கள் அரசர்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் நினைத்துக் கொள்கிறார்கள். பிழையன்று, பாடநூல்கள் அவ்வாறே அவர்களைப் பழக்கியிருக்கின்றன. கல்வெட்டைச் சான்றாகக் கொள்வது எப்படி, செப்பேட்டை ஐயுறுவது எப்படி என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் சொல்லி வந்தவன் நான். ஆனால் மக்களின் நினைவு என்றொரு சான்று இருக்கிறதே, அதனை எடைபோடும் முறையைக் கற்பிக்க எந்தப் பாடநூலிலும் எனக்குப் பக்கம் ஒதுக்கப்படவில்லை. இன்று அந்த முயற்சிக்கு ஒரு பந்து வீச்சாளரை எடுத்துக் கொள்கிறேன். விளையாட்டுத்தானே என்று வானொலிப் பெட்டியைத் திருகிவிட வேண்டாம். ஒரு மனிதரைப் பற்றி ஓர் ஊர் எவ்வாறு நினைக்கிறது, ஏன் அவ்வாறு நினைக்கிறது என்பது வரலாற்று மாணவன் கேட்கத் தகுந்த கேள்வியே.

அவர் பெயர் எல். சிவராமகிருஷ்ணன். ரசிகர்கள் சிவா என்பார்கள். 1965 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், பள்ளிகளுக்கிடையே நடந்த ஆட்டமொன்றில் 2 ஓட்டங்களே கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார் என்பது சென்னைப் பள்ளிக் கிரிக்கெட்டில் இன்றும் பேசப்படும் செய்தி. 1981-82 ஆம் ஆண்டு ரஞ்சிக் கோப்பைக் காலிறுதியில், சேப்பாக்கத்தில், வலிமை மிக்க தில்லி அணிக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கென்று முதன்முதலாக ஆட இறங்கி, இரண்டாவது இன்னிங்ஸில் 28 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அப்போது அவருக்கு வயது 16. மீசை அரும்பாத பிள்ளை, மீசை முறுக்கிய ஆட்டக்காரர்களைத் திணற அடித்ததைப் பத்திரிகைகள் கொண்டாடின.

அவர் வீசியது எத்தகைய பந்து என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் அவர் வீழ்ச்சியைச் சொன்னால் பயன் இல்லை. லெக் ஸ்பின் என்பது விரலால் திருப்பும் பந்தன்று, மணிக்கட்டால் திருப்புவது. வலக்கையால் வீசப்படும் அப்பந்து தரையில் பட்டதும், வலக்கை ஆட்டக்காரரின் கால் பக்கத்திலிருந்து விலகி வெளியே ஓடும். அதே கைவீச்சில், பார்ப்பவருக்கு வேற்றுமை தோன்றாதபடி மணிக்கட்டை மட்டும் சற்று மாற்றி வீசினால் பந்து எதிர்ப்புறமாகத் திரும்பி உள்ளே பாயும். இதற்குக் கூக்ளி என்று பெயர். இரண்டையும் நம்பத் தகுந்த அளவில் வீச வல்லவர்கள் உலகத்தில் எக்காலத்திலும் சிலரே.

எங்கள் பல்லடத்துப் பிள்ளைகளுக்கு நான் இதனை நூலைக் கொண்டு விளக்குவது வழக்கம். பஞ்சுக்கு முறுக்கு ஏற்றினால்தான் நூல். ஆனால் எல்லா நூலுக்கும் ஒரே முறுக்கு ஆகாது. பாவுக்கு உரிய நூலுக்கு முறுக்கு அதிகம் வேண்டும். தறியின் இழுப்பைத் தாங்க வேண்டுமல்லவா? திருப்பூர்ப் பனியனுக்கு உரிய நூலுக்கு முறுக்குக் குறைவு. துணி மிருதுவாக இருக்க வேண்டும். முறுக்குக் குறைந்தால் நூல் அறுகிறது. மிகுந்தால் சுருண்டு சிக்குகிறது. லெக் ஸ்பின்னரின் மணிக்கட்டும் இப்படித்தான். சற்றுக் குறைந்தால் பந்து திரும்பாது. சற்று மிகுந்தால் பிடி நழுவிப் பந்து முழு நீளமாகவோ பாதி ஆடுகளத்திலோ விழும். அந்தப் பந்து எல்லைக் கோட்டுக்குப் போகும். நூற்பாலையில் முறுக்கை அளந்து பார்க்கக் கருவி இருக்கிறது. மணிக்கட்டுக்கு அளவுகோல் இல்லை. ஆயிரம் ஆயிரமாகப் பந்துகளை வீசி வீசித்தான் அது கைவர வேண்டும்.

1979 ஆம் ஆண்டில் பி. எஸ். சந்திரசேகர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகிய பின், இந்திய அணியில் அவரைப் போல மணிக்கட்டால் ஆட்டத்தை முடித்துத் தரும் பந்து வீச்சாளர் இல்லை. 58 டெஸ்டுகளில் 242 விக்கெட்டுகள் எடுத்தவர் அவர். அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒருவர் வேண்டும் என்று நாடே தேடிக்கொண்டிருந்த வேளையில்தான் பதினாறு வயதுச் சிவராமகிருஷ்ணன் தென்பட்டார். ஆகவே அவர் மீது வைக்கப்பட்ட நம்பிக்கை அவர் வயதுக்கு உரியதன்று. தேடியவர்களின் பசிக்கு உரியது. 1983 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆம் நாள், மேற்கிந்தியத் தீவுகளின் ஆன்டிகுவாவில், 17 ஆண்டு 118 நாள் வயதில் டெஸ்ட் ஆட்டத்துக்கு இறக்கப்பட்டார். அதுவரை இந்தியாவுக்கு ஆடியவர்களில் அவரே இளையவர். 1989 இல் சச்சின் டெண்டுல்கர் வரும்வரை அந்தச் சாதனை நின்றது. அந்த ஆட்டத்தில் மேற்கிந்திய அணியார் நால்வர் சதம் அடித்தனர். சிவராமகிருஷ்ணன் 95 ஓட்டங்கள் கொடுத்து ஒரு விக்கெட்டும் பெறவில்லை. இதனைப் பல்லடத்தில் எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நினைவுக்கு ஒரு தொடக்கம் வேண்டும். தோல்வியைத் தொடக்கமாக வைத்துக்கொள்ள நினைவு விரும்புவதில்லை போலும்.

எங்கள் ஊர் நினைவின் தொடக்கம் 1984 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதி. அக்காலத்தின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அக்டோபர் 31 ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். தில்லியில் நடந்த கொடுமைகளைக் கேட்டு நாடு நடுங்கியது. இங்கிலாந்து அணியினர் அப்போதுதான் தில்லி வந்து இறங்கியிருந்தனர். சில நாள் இலங்கைக்குச் சென்று தங்கித் திரும்பினர். தமிழ்நாட்டிலோ முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நோயுற்று அமெரிக்காவில் புரூக்ளின் நகர மருத்துவமனையில் இருந்தார். நவம்பர் 27 ஆம் நாள், பம்பாயில் பிரிட்டிஷ் துணைத் தூதர் பெர்சி நாரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். முந்தைய மாலைதான் அவர் இங்கிலாந்து ஆட்டக்காரர்களுக்கு விருந்து அளித்திருந்தார். மறுநாள் அதே நகரத்தில் முதல் டெஸ்ட் தொடங்கிற்று.

நான் அப்போது பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகாத இளம் ஆசிரியன். பல்லடம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. திருப்பூர் மாவட்டம் 2009 இல்தான் பிறந்தது. விசைத்தறிக் கூடங்களில் ஓசை காதைப் பிளக்கும். அங்கே வானொலி வைத்தாலும் கேளாது. ஆகவே முறைக்கு ஓர் ஆள் கடைவீதித் தேநீர்க் கடைக்கு ஓடிப்போய் வர்ணனையைக் கேட்டு வருவான். பம்பாய் ஆட்ட வர்ணனை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி வரும். இரண்டு மொழியும் அறியாதவன்கூட எண்களையும் பெயர்களையும் பிடித்துக் கொள்வான். திரும்பி வந்து வாய் திறக்கமாட்டான். திறந்தாலும் பயன் இல்லை. தறிகளுக்கு நடுவே நின்று விரல்களை உயர்த்திக் காட்டுவான். அந்த ஆட்டத்தின் முதல் நாளில் அவ்வாறு உயர்ந்த விரல்கள் ஆறு. இங்கிலாந்து 195 ஓட்டங்களுக்கு வீழ்ந்தது. சிவராமகிருஷ்ணன் 64 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள். இரண்டாவது இன்னிங்ஸிலும் 117 ஓட்டங்களுக்கு 6. பன்னிரண்டு விக்கெட்டுகள்! பதினெட்டு வயதுத் தமிழ்ப் பிள்ளை! இந்தியா எட்டு விக்கெட் வேறுபாட்டில் வென்றது.

வெற்றி கிட்டிய நாள் டிசம்பர் 3. அன்று விடியுமுன்னரே போபால் நகரில் நச்சுவாயு கசிந்து மக்கள் ஆயிரக்கணக்கில் மடியத் தொடங்கியிருந்தனர். ஒரே வானொலி, ஒரே நாள், இரண்டு செய்திகள். என் வயதினரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் பம்பாய் வெற்றியையும் போபால் துயரத்தையும் வேறு வேறு காலத்தனவாகவே சொல்வார்கள். ஒரு நாளை நினைவு இரண்டாக வெட்டி, இன்பத்தை ஒரு பெட்டியிலும் துன்பத்தை மற்றொன்றிலும் வைத்து விடுகிறது. இது நான் கண்ட முதல் உண்மை.

அடுத்த டெஸ்ட் தில்லியில். அங்கும் முதல் இன்னிங்ஸில் 99 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள். தொடர்ந்து மூன்று இன்னிங்ஸ்களில் ஆறு ஆறாக! ஆயினும் அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது. இங்கிலாந்தின் டிம் ராபின்சன் பொறுமையே உருவாக நின்று 160 ஓட்டங்கள் எடுத்தார். ஏற்கெனவே பம்பாயிலே, இரண்டாவது இன்னிங்ஸில், மைக் கேட்டிங் 136 ஓட்டங்கள் எடுத்திருந்தார். டெஸ்டில் அது அவருக்கு முதல் சதம். அதாவது, சிவராமகிருஷ்ணனின் புகழ் உச்சியில் இருந்த அதே நாட்களிலேயே, அவரை ஆடும் வழியை எதிரணியினர் கற்றுக்கொண்டிருந்தனர். இங்கிலாந்தில் அக்காலத்தில் லெக் ஸ்பின்னர்கள் அருகிப் போயிருந்தார்கள். அந்நாட்டு ஆட்டக்காரர் பலருக்கு அத்தகைய பந்து புதியது. புதுமையால் வந்த அச்சம் பழகப் பழகத் தெளியும். வெற்றிச் செய்தியின் உள்ளேயே பின்னால் வரும் சரிவின் விதை கிடந்ததை அன்று தேநீர்க் கடையில் யார் கண்டார்?

கல்கத்தா டெஸ்ட் தொடங்கிய நாள் டிசம்பர் 31. அவருக்கு 19 வயது நிரம்பிய நாள். அசாருதீன் தம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்த ஆட்டம் அது. தில்லியில் பொறுப்பின்றி அடித்து ஆட்டமிழந்தார் என்று கபில் தேவையே நீக்கிவிட்டு ஆடியதும் அங்குதான். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அப்பால் பொங்கல் வந்தது. பொங்கலோடு சேப்பாக்கம் டெஸ்டும் வந்தது.

இந்த இடத்தில் நேயர்கள் சற்றுக் கவனம் வைக்க வேண்டும். 1985 ஜனவரி 13 ஆம் நாள் தொடங்கிய அந்தச் சென்னை ஆட்டத்துக்குத் தமிழில் நேர்முக வர்ணனை உண்டு. எங்கள் ஊரில் முதன்முறையாகச் சிவராமகிருஷ்ணனின் ஒவ்வொரு பந்தையும் சொந்த மொழியில் கேட்கிறார்கள். மாட்டுப் பொங்கலன்று தறி ஓடவில்லை; கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். சென்ற சில ஆண்டுகளாக, ஓய்வு பெற்ற ஒருவனுக்கு உரிய சாவகாசத்தோடு, அந்நாளில் கேட்டவர்களைத் தேடிப் பேசி வருகிறேன். தறி ஓட்டியவர்கள், கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள், பனியன் கம்பெனியில் கணக்கு எழுதியவர், என்னிடம் படித்து இப்போது பேரன் எடுத்துவிட்ட ஒருவர் எனப் பலரையும் கேட்டேன். சேப்பாக்கத்தில் சிவா என்ன செய்தார் என்பதே என் கேள்வி. பாதிப் பேர், தயங்காமல், விக்கெட்டுகளை அள்ளினார் என்றார்கள். இருவர் ஆறு விக்கெட் என்று எண்ணிக்கையே சொன்னார்கள்.

ஆட்டக் குறிப்பு வேறு சொல்கிறது. இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 652 ஓட்டங்கள் எடுத்தது. கிரேம் ஃபௌலர் 201, மைக் கேட்டிங் 207. இங்கிலாந்தின் டெஸ்ட் வரலாற்றில் ஒரே இன்னிங்ஸில் இருவர் இரட்டைச் சதம் அடித்தது அதுவே முதல் முறை. சிவராமகிருஷ்ணன் 44 ஓவர்கள் வீசி, 145 ஓட்டங்கள் கொடுத்து, ஒரே ஒரு விக்கெட் பெற்றார். அந்த ஆட்டத்தில் 11 விக்கெட்டுகளை அள்ளியவர் இங்கிலாந்தின் வேகப் பந்து வீச்சாளர் நீல் ஃபாஸ்டர். இந்தியா ஒன்பது விக்கெட் வேறுபாட்டில் தோற்றது; தொடரையும் இழந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். பம்பாயில் எடுத்த விக்கெட்டுகளை, எங்கள் ஊர் நினைவு சேப்பாக்கத்துக்குக் கொண்டு வந்துவிட்டது. அயல்மொழியில் அரைகுறையாகக் கேட்ட வெற்றியையும், தாய்மொழியில் முழுமையாகக் கேட்ட தோல்வியையும் ஒன்றாகப் பிசைந்து, தாய்மொழியில் கேட்ட வெற்றியாக வைத்துக் கொண்டிருக்கிறார்கள். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவர்களுள் ஒருவருக்கும் இல்லை. அன்புதான் எண்களை இடம் மாற்றியிருக்கிறது. நம் பழைய கதைப்பாடல்களில் ஓர் ஊர் வீரன் மற்றோர் ஊர்ப் போரில் வென்றதாக வருவதை வரலாற்றாசிரியர்கள் சுட்டிக் காட்டும்போது நாம் வியக்கிறோம். நாற்பது ஆண்டுகளுக்குள், அச்சிட்ட குறிப்புகள் இருக்கும் காலத்தில், நடப்பதைப் பார்க்கையில் வியப்புக் குறைகிறது.

மறுபாதிப் பேரின் நினைவு இதற்கு நேர் எதிரானது. கையில் கிடைத்ததைக் கெடுத்துக் கொண்டவர் என்று அவர்கள் ஒரே வரியில் முடித்து விடுகிறார்கள். புகழ் தலைக்கு ஏறிவிட்டது என்பார் ஒருவர். பழக்கவழக்கம் சரியில்லை என்பார் மற்றொருவர். ஐயா, இதை எங்கிருந்து அறிந்தீர் என்று கேட்டால், எல்லாரும் சொன்னார்கள் என்பதே விடை. அந்த எல்லாருக்கும் சொன்னவர் யார் என்று கேட்டால் விடை இல்லை. பல்லடத்திலிருந்து சென்னை ஏறத்தாழ முந்நூறு மைல் தொலைவில் இருக்கிறது. அங்கே ஓர் இளைஞன் இரவில் என்ன செய்தான் என்பதை இங்கே தேநீர் ஆற்றியபடி அறிந்திருந்தார்களாம்! இத்தகைய சான்றை எந்த வகுப்பிலும் நான் ஏற்றுக்கொண்டதில்லை.

குறிப்புகள் காட்டுவதை மட்டும் பார்ப்போம். இங்கிலாந்துத் தொடரில் அவர் பெற்ற விக்கெட்டுகள் 23. அவற்றுள் 19 முதல் இரண்டு ஆட்டங்களிலேயே வந்தவை. 1985 மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் ஒருநாள் போட்டியில் இந்தியா வாகை சூடியது. மெல்போர்ன் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 35 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள் எடுத்தார். ஜாவேத் மியாந்தாத் இறங்கி வந்து ஆட முயல, பந்து திரும்பிச் செல்ல, விக்கெட் காப்பாளர் சதானந்த் விஸ்வநாத் குச்சிகளைத் தட்டிவிட்டது அந்த ஆட்டத்தில்தான். அதன்பின் கவாஸ்கர் தலைமையிலிருந்து விலகினார்; கபில் தேவ் மீண்டும் தலைவரானார். இலங்கையில் இரண்டு டெஸ்டுகள், 1986 ஜனவரியில் சிட்னியில் ஒன்று. அவ்வளவுதான். ஆக மொத்தம் 9 டெஸ்டுகள், 26 விக்கெட்டுகள், ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 44 ஓட்டங்கள். இங்கிலாந்துத் தொடரைத் தள்ளிவிட்டால் மற்ற நான்கு டெஸ்டுகளிலும் சேர்ந்து மூன்றே விக்கெட்டுகள்.

சிட்னியில் கடைசி டெஸ்ட் ஆடியபோது அவருக்கு 20 வயது நிரம்பிச் சில நாட்களே ஆகியிருந்தன. நான் இந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம், கெடுத்துக்கொண்டவர் என்று பேசியவர்கள் சற்று அமைதியாகி விடுகிறார்கள். அவர்கள் மனத்தில் இருந்தவர் முப்பது வயது ஆண்மகன். உண்மையில் இருந்தவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படிக்க வேண்டிய பிள்ளை. இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களுள் பலருடைய வயது.

அதே சிட்னி மைதானத்தில், ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1992 ஜனவரியில், அதே இந்திய அணிக்கு எதிராக ஆஸ்திரேலியர் ஒருவர் முதல் டெஸ்ட் ஆடினார். அவரும் லெக் ஸ்பின்னர். 150 ஓட்டங்கள் கொடுத்து ஒரு விக்கெட். சேப்பாக்கத்தில் சிவராமகிருஷ்ணன் பெற்ற கணக்கோடு ஒப்பிட்டால் ஐந்து ஓட்டங்களே அதிகம். அவர் பெயர் ஷேன் வார்ன். 145 டெஸ்டுகளில் 708 விக்கெட்டுகளோடு ஆட்டத்தை முடித்தார். முதல் டெஸ்டில் அவருக்கு வயது 22. டெர்ரி ஜென்னர் என்ற முன்னாள் லெக் ஸ்பின்னர் அவருக்கு ஆசானாக இருந்தார். ஆலன் பார்டர் என்ற தலைவர் அவரைக் கைவிடவில்லை. நம் ஆர். அஸ்வினை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 இல் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 25. உள்நாட்டு ஆட்டங்களில் பல்லாண்டு உரம் ஏறிய பின் வந்தார். 2024 இல் ஓய்வு பெறும்போது 537 விக்கெட்டுகள். திறமையில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். அதை அளக்க நான் வல்லவனல்லன். ஆனால் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையிலுள்ள எட்டு ஆண்டுகள் என்ன செய்யும் என்பதை ஓர் ஆசிரியன் அறிவான். பருவத்துக்கு முன்னே தேர்வு எழுத வைக்கப்பட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் தேர்வில் முதலாவதாக வருவார்கள். பிறகு ஏன் தடுமாறுகிறோம் என்று அவர்களுக்கே விளங்காது.

அமெரிக்காவில் பேஸ்பால் என்றோர் ஆட்டம் உண்டு. அங்கே பந்தை எறிபவரைப் பிட்சர் என்பார்கள். 1973 ஆம் ஆண்டு டேவிட் கிளைட் என்னும் 18 வயது இளைஞரை, உயர்நிலைப் பள்ளியை விட்டு வந்த சில வாரங்களிலேயே, டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியினர் நேரே பெரிய ஆட்டத்தில் இறக்கினர். அரங்கு நிரம்பி வழிந்தது. அவர் வென்றும் காட்டினார். கூட்டம் வருகிறதே என்று அவரைத் தொடர்ந்து எறிய வைத்தார்கள். ஐந்து பருவங்களில் 18 வெற்றி, 33 தோல்வி என்ற கணக்கோடு அவர் ஆட்டம் முடிந்தது. அந்நாட்டு ரசிகர்களும் அவரைப் பற்றி இரண்டு விதமாகவே பேசுகிறார்கள். வருந்துகிறவர்கள் உண்டு, ஏமாற்றினார் என்பவர்களும் உண்டு. ஆனால் அங்கே ஒரு வேறுபாடு காண்கிறேன். அவரை அவசரப்பட்டு இறக்கியது பெருந்தவறு என்பதை விளையாட்டு எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப எழுதி, அதை ஒரு பாடமாகவே ஆக்கியிருக்கிறார்கள். நம் நாட்டிலோ, இறக்கியவர்களை விசாரித்தவர்கள் குறைவு. இறங்கியவரைக் குற்றம் சொன்னவர்கள் அதிகம்.

இவ்விடத்தில் சென்னையின் மற்றொரு லெக் ஸ்பின்னரைச் சொல்லாமல் போனால் குறையாகும். வி. வி. குமார், 1961 இல், பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் டெஸ்டிலே, 64 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார். அடுத்து ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். அதோடு சரி. முதல் தர ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 599. இந்திய அணி மட்டும் அவரை மீண்டும் அழைக்கவில்லை. ஒருவருக்கு வாய்ப்பு முன்னதாக வந்தது. மற்றவருக்கு வந்ததும் போயிற்று. குமாரைப் பற்றி எங்கள் ஊரில் மூவருக்குமேல் அறிந்தவர் இல்லை. கசப்பான நினைவும் ஒருவகை நினைவுதான் என்று அப்போது தோன்றியது.

சிவராமகிருஷ்ணன் டெஸ்ட் அணியிலிருந்து விலக்கப்பட்டதோடு கதை முடியவில்லை; ரசிகர் நினைவுதான் அங்கே நின்றுவிட்டது. 1987 உலகக் கோப்பை அணியில் இடம் பெற்றார். 1987-88 இல், எஸ். வாசுதேவன் தலைமையில், தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றது. 1954-55 இல் சென்னை என்ற பெயரில் வென்றதற்கு அடுத்து, 33 ஆண்டுகள் கழித்து வந்த வெற்றி. அந்த அணியில் அவர் இருந்தார். பந்து கைவிட்டபின் மட்டையைப் பற்றிக்கொண்டு, முதல் தர ஆட்டங்களில் சதங்களும் அடித்தார். மணிக்கட்டால் புகழ்பெற்றவர் அதே கையில் மட்டையைப் பிடித்து வேறொரு தொழிலைக் கற்றுக்கொள்வது எளிய செயலா? பாவு ஓட்டியவரை ஒரே நாளில் சாயப்பட்டறைக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊராரைக் கேட்டேன். அப்போதுதான் சிலர் தலையசைத்தார்கள்.

ஆட்டத்தை விட்டபின் அவர் தொலைக்காட்சி வர்ணனையாளரானார். 2013 இல் ஆட்டக்காரர்களின் சார்பாளராகப் பன்னாட்டுக் கிரிக்கெட் குழுவிலும் இடம்பெற்றார். 2021 நவம்பரில், தம் நிறத்தின் காரணமாக வாழ்நாள் முழுவதும், அதுவும் சொந்த நாட்டிலேயே, இழிவாக நடத்தப்பட்டதாக ட்விட்டர் தளத்தில் வெளிப்படையாக எழுதினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, தமிழ்நாட்டுத் தொடக்க ஆட்டக்காரர் அபினவ் முகுந்தும் நிறத்தைக் குறித்த ஏளனங்களைப் பற்றி எழுதியிருந்தார். சிவராமகிருஷ்ணனின் சொற்களைப் படித்தபின் 1983 முதல் 1986 வரையிலான பத்திரிகைப் பக்கங்களை நினைவில் புரட்டிப் பார்த்தேன். பந்தின் திருப்பத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். அப்பந்தை வீசிய பிள்ளை உடைமாற்றும் அறையில் எப்படி நடத்தப்பட்டான் என்று எவரும் கேட்டு எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் தேநீர்க் கடையிலும் கேட்கவில்லை.

இந்தச் செய்தியை நான் விசாரித்து வந்தவர்களிடம் மீண்டும் கொண்டு போனேன். விக்கெட்டுகளை அள்ளினார் என்று சொன்னவர்கள், பாவம் என்றார்கள். கெடுத்துக்கொண்டார் என்று சொன்னவர்களுள் ஒருவர், நாற்பது ஆண்டு தறி ஓட்டிக் காது மந்தமானவர், நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, அவர் கடைசி டெஸ்ட் ஆடியபோது எத்தனை வயது என்று சொன்னீர்கள் என்று மறுபடி கேட்டார். இருபது என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு கைவிரல்களையும் விரித்து இருமுறை காட்டினேன்.